மனசு ஒப்பாத வேலையை மறுப்பது எப்படி: ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்காரரின் வழிகாட்டி

பாளையங்கோட்டையில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். டிசைன் போடுவது, அடிப்பது, சட்டம் அடித்து ஐலெட் குத்திக் கொடுப்பது எல்லாம் இங்கேயேதான். சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு சித்திரை மாதம், மானூர் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி, ஊர்ச் சாமிக்கு நடத்துகிற கொடை விழாவுக்கு நோட்டீஸ் அடிக்க வந்தார். சட்டைப் பையில் நாலாய் மடித்த கோடு போட்ட தாள். கால்நாட்டு எந்தத் தேதி, குடியழைப்பு எத்தனை மணி, மதியக் கொடை, சாமக்கொடை, வில்லிசை யார், கணியான் கூத்து யார் என்று எல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தது. "மேல சாமி படம் பெரிசா வரணும் தம்பி. கண்ணு மட்டும் நல்லாத் தெளிவா இருக்கணும்" என்றார்.

நான் சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பம். சாமி படத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். அதை அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "மெஷின் ஹெட் போயிட்டு அண்ணாச்சி, நாலு நாள் ஆகும்" என்று சொல்லி அனுப்பினேன். அவரும் நம்பித்தான் போனார். ஆனால் சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகிறவர் எங்கள் தெரு வழியாகவே வந்துவிட்டார். கடைக்குள் மெஷின் ஓடுகிற சத்தம், மை வாடை. பன்னிரண்டுக்கு எட்டில் ஒரு சபையின் சுகமளிக்கும் கூட்டத்து பேனர் பாதி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது.

வாசலில் நின்று ஒரு நிமிஷம் பார்த்தார். "தம்பி, பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லியிருக்கலாம்லா. மெஷின் மேல ஏன் பழி போடுதிய? எங்களுக்கு ஒரு நாள் போச்சு" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் ரொம்ப உறைத்தது. மதத்துக்காக ஒரு வேலையை வேண்டாம் என்கிறவன், அதைச் சொல்லப் பொய்யைப் பிடித்தால் அந்த மறுப்புக்கு என்ன அர்த்தம்?

அதற்கப்புறம் தப்பும் தவறுமாகப் படித்துக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கடைக்காரர், சமையல்காரர், போட்டோகிராபர், ஆசாரி, தையல்காரர் யாருக்கும் பொருந்தும். எந்த மதமாக இருந்தாலும் சரி.

1. கோட்டை முதலிலேயே கிழித்து வைத்துக்கொள்ளுங்கள்

ஆள் எதிரே நிற்கும்போது யோசித்தால் வாய் குழறும், பொய் வரும். சீசன் தொடங்குவதற்கு முன்னால் ஒரு ராத்திரி உட்கார்ந்து, இதுவரை எந்தெந்த வேலை செய்தபோது மனசு உறுத்தியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். கல்யாணமானவர் என்றால் வீட்டுக்காரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குறையப்போகிற வருமானம் அவருக்கும் குறையப்போகிறது.

எழுதிய ஒவ்வொன்றுக்கும் நேராக ஒரே கேள்வி: இதில் என் கை என்ன செய்கிறது? சைவச் சமையல்காரர் கறி வெட்டினால், விலக்கப்பட்ட காரியத்தைக் கையே செய்கிறது. அதில் யாருக்கும் குழப்பம் கிடையாது. முஸ்லிம் ஆசாரி மதுபான பாருக்கு மேஜை செய்தால், அவர் குடிக்கவில்லை, ஊற்றிக் கொடுக்கவும் இல்லை. ஆனால் மேஜை அதற்குத்தான் என்று தெரியும். மூன்றாவது, வெறுமனே பக்கத்தில் நிற்கிற வேலை. கோயில் மண்டபத்துக்கு வயரிங் செய்கிற கிறிஸ்தவ எலெக்ட்ரீஷியன், சர்ச்சுக்கு ஆட்டோ ஓட்டுகிற இந்து. இதைப் பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை. சண்டை, குழப்பம், தூக்கம் கெடுவது எல்லாம் நடுவில் இருக்கிறதில்தான்.

"என் மதம் என்ன சொல்கிறது" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. மேலப்பாளையத்தில் எனக்கு ஒரு டிசைனர் நண்பர் உண்டு. தர்கா கந்தூரி விழா போஸ்டர் அவர் செய்வதில்லை, கபுர் (சமாதி) வழிபாடு தனக்கு ஆகாது என்பார். அதே ஊரில் இன்னொரு முஸ்லிம் டிசைனர் பொட்டல்புதூர் கந்தூரிக்குச் சந்தோஷமாக வேலை செய்வார். ஜாதி, மதம் பார்க்காமல் இந்துக்களும் போய் நேர்ந்துகொள்கிற தர்கா அது. இரண்டு பேரும் ஒரே ரம்ஜான் நோன்புதான் பிடிக்கிறார்கள்.

என் வீட்டிலேயே அப்படித்தான். நான் சாமி படம் வைத்த கொடை நோட்டீஸ் செய்வதில்லை, கூடப் பிறந்த தம்பி செய்கிறான். கேட்டால் நாகமான் கதையைச் சொல்வான். சீரியாவின் படைத்தலைவன் நாகமான், குஷ்டம் நீங்கிக் கர்த்தரை நம்பத் தொடங்கிய பிறகும், தன் ராஜா தன் கையில் சாய்ந்துகொண்டு ரிம்மோன் கோயிலில் பணியும்போது தானும் பணிய வேண்டியிருக்கிறதே, அதை மன்னிக்க வேண்டும் என்று எலிசாவிடம் கேட்கிறான். எலிசா திட்டவில்லை, "சமாதானத்தோடே போ" என்று அனுப்பிவிடுகிறார். தம்பி அந்த வசனத்தின் மேல் தொழில் நடத்துகிறான். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. ஆனால் அவன் தூங்குகிறான், நானும் தூங்குகிறேன்.

குழப்பம் தீரவில்லை என்றால் ஐயர் (எங்கள் சபைப் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்), ஆலிம், குருசாமி என்று நீங்கள் மதிக்கிற ஒருவரிடம் ஒரே ஒரு தடவை கேளுங்கள். நாலு பேரிடம் கேட்டால் நாலு பதில் வரும், அதில் நமக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொள்வோம்.

என் பட்டியல் நாலே வரி. வசியம், மாந்திரீகம், செய்வினை விளம்பரம். மதுபான பார். சாமி படம் வைத்த கொடை நோட்டீஸ். நாலாவது, எந்த மதத்தையும் திட்டுகிற எதுவும். கடைசியில் சொன்னதை எங்கள் ஆட்களே கொண்டுவந்தாலும் செய்வதில்லை. ஒரு தடவை ஒரு துண்டுப்பிரசுரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள், முதல் வரியே அடுத்தவர் சாமியை ஏசுகிற வரி. அது நம்பிக்கைக் கேள்விகூட இல்லை, சட்டக் கேள்வி. பாரதிய நியாய சன்ஹிதாவின் 299ஆம் பிரிவு, வேண்டுமென்றே பிறர் மத உணர்வைப் புண்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 295 ஏ என்று இருந்தது அதுதான்.

பட்டியல் நீண்டுகொண்டே போனால் நின்று பாருங்கள். கட்சி பேனர் எனக்குப் பிடிக்காது, காசு வர ஆறு மாசம் ஆகும். அதை நம்பிக்கை என்று எழுதக் கூடாது.

2. வேலையை மறுக்கலாம், ஆளை மறுக்கக் கூடாது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சோதனை இருக்கிறது. இதே வேலையை என் சொந்தச் சித்தப்பா கேட்டால் செய்வேனா? மாட்டேன். இந்த ஆளே வேறு வேலையோடு வந்தால் செய்வேனா? செய்வேன். இரண்டுக்கும் பதில் இப்படி வந்தால் நீங்கள் மறுப்பது வேலையை. மானூர் அண்ணாச்சி பேத்திக்குப் பூப்புனித நீராட்டு ஃப்ளெக்ஸ் கேட்டால் நான் மறுபேச்சு இல்லாமல் அடித்துக் கொடுப்பேன். சித்தப்பா வசிய விளம்பரம் கொண்டுவந்தால் தர மாட்டேன். பதில் மாறி வந்தால், மதம் என்று பெயர் வைத்து வேறு எதையோ ஒளித்து வைத்திருக்கிறீர்கள்.

அந்த வேறு எது என்பதை நம் ஊரில் விளக்க வேண்டியதில்லை. நெல்லைச் சீமையில் எந்தத் தெருவுக்கு யார் முடி வெட்டப் போவார்கள், எந்தக் கடையில் யாருக்கு எந்த டம்ளர் என்பதெல்லாம் பழைய கதை என்று சொல்லிக்கொள்கிறோம். "எங்க சாமிக்கு ஆகாது", "எங்க குடும்ப வழக்கம்" என்று அது இன்னும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வருகிறது. அரசியல் சாசனத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 6ஆவது பிரிவு, தீண்டாமையின் பேரில் ஒருவருக்குப் பொருள் விற்க மறுத்தாலோ சேவை செய்ய மறுத்தாலோ குறைந்தது ஒரு மாதம், அதிகபட்சம் ஆறு மாதம் சிறை என்கிறது. அபராதம் தனி. அதற்கு மேல் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. மதத்தைக் கேடயமாகப் பிடித்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது, தப்பவும் கூடாது. அரசியல் சாசனத்தின் 15(2) இன்னும் அகலம். மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் இவற்றை மட்டும் காரணம் காட்டிக் கடைக்குள்ளும் ஹோட்டலுக்குள்ளும் யாரையும் தடுக்கக் கூடாது. "முஸ்லிம்களுக்கு அடிச்சுத் தர மாட்டோம்", "கிறிஸ்தவங்களுக்கு மண்டபம் இல்ல" என்பதெல்லாம் மனசாட்சி ஆகாது.

வெளிநாட்டில் இதே வித்தியாசத்தை வைத்து நீதிமன்றம் வரை போயிருக்கிறார்கள். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில் ஆஷர்ஸ் என்ற பேக்கரியில், 2014இல் ஒருவர் ஓரினத் திருமணத்தை ஆதரிக்கும் வாசகம் எழுதிய கேக் கேட்டார். விலை 36 பவுண்டு 50 பென்ஸ். கிறிஸ்தவக் குடும்பம் நடத்துகிற கடை. கவுண்டரில் இருந்த அம்மாவுக்கு மனசில்லை, ஆனால் எதிரே நிற்கிறவரைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று ஆர்டரையும் காசையும் வாங்கிக்கொண்டார். அப்புறம் போனில் கூப்பிட்டு முடியாது என்று சொல்லிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வழக்கு நாலு வருஷம் ஓடியது. 2018 அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாகக் கடைக்குச் சாதகமாகச் சொன்னது: அவர்கள் மறுத்தது வாசகத்தை, வாங்க வந்த ஆளை அல்ல, அதே வாசகத்தை யார் கேட்டாலும் மறுத்திருப்பார்கள் என்று. அது அந்த நாட்டுச் சட்டம், நமக்குச் செல்லாது. எனக்கு அதில் பிடித்தது அந்தக் கவுண்டர்தான். சங்கடத்துக்குப் பயந்து ஆர்டரை வாங்கி வைத்த அந்த அம்மாவும், மெஷின் ஹெட் போய்விட்டது என்ற நானும் ஒரே ஜாதி.

மறுக்கவே முடியாத தொழில்களும் உண்டு. அவசரத்தில் வந்த நோயாளியை எந்த டாக்டரும் திருப்பி அனுப்பக் கூடாது என்று 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெர்மிட் வாங்கிய ஆட்டோ, டாக்ஸி சவாரியை மறுத்தால் மோட்டார் வாகனச் சட்டம் 178ஆம் பிரிவில் அபராதம் இருக்கிறது. அங்கேயெல்லாம் மனசு ஒப்பவில்லை என்றால் யோசிக்க வேண்டிய இடம் தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதுதான்.

3. அளவு கேட்பதற்கு முன்னால் விஷயத்தைக் கேளுங்கள்

முன்பெல்லாம் ஆள் வந்தவுடன் "எத்தனைக்கு எத்தனை அடி?" என்று ஆரம்பிப்பேன். அளவு சொல்லி, ரேட் பேசி, அட்வான்ஸ் வாங்கி, கடைசியில்தான் விஷயம் தெரியும். இப்போது முதல் கேள்வி "என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்பது. அதற்கு அவர் சொல்கிற பதிலிலேயே முக்கால்வாசி தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வருகிறவர்களுக்கு, மேட்டரை முதலில் அனுப்புங்கள், பார்த்துவிட்டுத்தான் உறுதி செய்வோம் என்று தானாகப் போகிற மாதிரி ஒரு செய்தி வைத்திருக்கிறேன்.

கல்யாண போட்டோகிராபர் என்றால் எந்தெந்தச் சடங்குக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சமையல்காரர் என்றால் மெனுவை. தையல்காரர் என்றால் எதற்கான உடுப்பு என்று. குலசேகரப்பட்டினம் தசராவுக்கு வேஷ உடுப்பு தைக்கச் சொல்லி வருவார்கள், துணியை வெட்டிய பிறகு தெரிந்து பிரயோசனம் இல்லை.

செய்யாத வேலையைப் போர்டில் எழுதித் தொங்கவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். "இங்கு இன்ன மதத்து வேலை செய்யப்படாது" என்று சுவரில் தொங்கினால், அந்த மதத்துக்காரர் பிள்ளைக்குப் பிறந்தநாள் ஃப்ளெக்ஸ் அடிக்கக்கூட உள்ளே வர மாட்டார். கேட்டால் சொல்வது வேறு, வாசலிலேயே கையைக் காட்டுவது வேறு. பொதுவாகச் சொல்லக்கூடிய ஒன்று என்றால் பரவாயில்லை. "சைவம் மட்டும்" என்ற போர்டு டவுனில் எத்தனையோ கடைகளில் இருக்கிறது, யாரும் முகம் சுளிப்பதில்லை.

4. சொல்லும் விதம்

மூன்று வாக்கியம் போதும். செய்வதில்லை என்பது ஒன்று. ஏன் என்பது ஒரே வரியில், நம்மைப் பற்றி மட்டும். அடுத்து எங்கே போகலாம் என்பது.

"அண்ணாச்சி, கொடை நோட்டீஸ் நான் செய்யுதது இல்ல. நாங்க சர்ச்சுக்குப் போற ஆளுவ, எனக்கு மனசு ஒப்பாது, தப்பா நினைச்சுக்கிடாதிய. ஜங்ஷன்ல ரெண்டு கடை இருக்கு, நாளைக்கே தந்துருவாவ."

இதை நான் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள், முதல் தடவை நேரில் சொன்னபோது "தப்பா" வரைக்கும்தான் வந்தது.

"ஏன்" என்கிற வரி நீளக் கூடாது. நீங்கள் வசனம் சொல்ல ஆரம்பித்தால் அவர் பதிலுக்கு ஒரு வசனம் சொல்வார், பின்னால் நிற்கிற ஆள் மூன்றாவதாக ஒன்று சொல்வார். "உங்க சாமி" என்ற சொல்லே வாயில் வரக் கூடாது. "எங்களுக்கு வழக்கம் இல்ல" என்பதில் யார் மனசும் நோகாது. "அது பாவம்" என்றால் எதிரே நிற்கிறவரைப் பாவி என்று சொன்னதாக ஆகிவிடும்.

வயசானவர் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று சொல்லுங்கள். நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொன்ன "இல்ல"வை அவர் ஊர் முழுக்கச் சொல்வார். வாட்ஸ்அப்பில் வந்ததற்கு வாட்ஸ்அப்பிலேயே பதில் போடலாம், ஆனால் பார்த்துவிட்டு இரண்டு நாள் சும்மா இருப்பது கூடாது. தேதி குறித்த வேலை, அவர் உங்களை நம்பி உட்கார்ந்திருப்பார்.

சொந்தக்காரர்தான் ரொம்பக் கஷ்டம். என் அத்தான் ஒருவர் பார் ஒன்றில் பங்கு வாங்கியபோது போர்டு என்னிடம்தான் வந்தது. "நீ என்ன பெரிய ஊழியக்காரனோ?" என்று கேட்டார். அதற்குப் பதிலே சொல்லக் கூடாது. "அத்தான், மத்த எல்லாத்துக்கும் நான் வாரேன், இதுக்கு மட்டும் வேற ஆளப் பாருங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டேன். மைனி இரண்டு மாசம் பேசவில்லை.

கூட்டிச் சொல்லித் துரத்துகிற தந்திரம் ஒன்று இருக்கிறது. பிடிக்காத வேலைக்கு இரண்டு மடங்கு ரேட் சொன்னால் தானாகப் போய்விடுவார்கள் என்று எனக்கு ஒரு சீனியர் சொல்லிக் கொடுத்தார். அத்தானுக்கு முன்னால் வேறொரு பார்க்காரருக்கு அதைச் செய்து பார்த்தேன். பதினெட்டுக்குப் பத்து போர்டுக்கு இரட்டை விலை சொன்னேன். அந்த ஆள் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், "சரி, ஜீபே நம்பர் சொல்லுங்க" என்றார். பணம் வந்துவிட்ட சத்தம் கேட்டது. இரட்டை விலைக்கு விற்ற மனசாட்சி என்று என் வீட்டில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

இன்னொரு கடையைக் கைகாட்டுவதுகூடத் துணைபோவதுதானே என்று சிலருக்குத் தோன்றும். மேலப்பாளையம் நண்பர் அப்படித்தான், குறிப்பாக ஒரு கடையைச் சொல்ல மாட்டார். "ஜங்ஷன் பக்கம் கேட்டுப் பாருங்க" என்பதோடு சரி. எனக்கு அதில் உறுத்தல் இல்லை, ஒரு மனுஷனின் அலைச்சல் மிச்சம். அவரவர் முடிவு.

5. அட்வான்ஸ் வாங்கிய பிறகு தெரிந்தால்

இங்கே மனசாட்சியோடு வாக்கும் சேர்ந்துகொள்கிறது. ஒத்துக்கொண்ட வேலையை நடுவில் விட்டு, அதனால் அவருக்கு நஷ்டம் வந்தால், 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவுப்படி அவர் இழப்பீடு கேட்கலாம். ரசீது இல்லை, வாய்ப்பேச்சுதான் என்பதெல்லாம் பலமான பதில் இல்லை. வாட்ஸ்அப் செய்தியே சாட்சி.

முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். விசேஷத்துக்குப் பத்து நாள் இருக்கிறது என்றால் அன்றைக்கே போன் செய்து, முழுப் பணத்தையும் திருப்பி அனுப்புங்கள். "டிசைன் சார்ஜ் மட்டும் எடுத்துக்கிட்டேன்" என்ற கணக்கே கூடாது. அதுவரை செய்த ஃபைலையும் சும்மா கொடுத்துவிடுங்கள், அடுத்த கடைக்காரர் கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளில் திறந்து வேலையைத் தொடரலாம். வேலை மனசுக்கு ஒப்பாததால்தானே நிறுத்துகிறீர்கள், ஃபைலை எதற்குக் கொடுப்பது என்று கேட்டால், அது நியாயமான கேள்விதான். நான் எழுத்து, பெயர்ப் பட்டியல், குழந்தைகள் போட்டோ எல்லாம் அடுக்கியதை மட்டும் கொடுப்பேன்.

விசேஷம் நாளைக்கு மறுநாள் என்றால்? என் தீர்ப்பு: செய்து கொடுங்கள். கேட்காமல் வாங்கியது உங்கள் தப்பு, அந்தத் தப்புக்கு அவர் விசேஷம் பாழாகக் கூடாது. லாபத்தை வேண்டுமானால் தருமத்துக்குக் கொடுங்கள். அந்த பார் போர்டை நான் அடித்துக் கொடுத்தேன், கூடுதலாக வாங்கியதைத் திருப்பி அனுப்பினேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, "தள்ளுபடியா?" என்று கேட்டார்.

6. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர்களுக்கு

கடைக்காரருக்கு இருக்கிற சௌகரியம் சம்பளக்காரருக்கு இல்லை. அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவு மனசாட்சிச் சுதந்திரம் தருகிறது, பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரத்துக்கு உட்பட்டு. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்று, ஆனால் யெகோவாவின் சாட்சிகள் என்பதால் பாடாமல் இருந்த மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் அதை எடுத்துக்கொண்டு போய் ஜவுளிக்கடை முதலாளியிடம் காட்ட முடியாது. தனியார் முதலாளி உங்கள் மத நம்பிக்கைக்காக வேலையை மாற்றித் தந்தே ஆக வேண்டும் என்ற பொதுச்சட்டம் இங்கே இல்லை. அமெரிக்காவில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பார்சல் கொடுக்க மறுத்த ஒரு தபால் ஊழியரின் வழக்கில், வெறும் சிறு சிரமத்தைக் காரணம் காட்டி முதலாளி தட்டிக்கழிக்க முடியாது என்று 2023இல் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது.

ஆகவே இங்கே எல்லாம் பேச்சில்தான் நடக்க வேண்டும். வேலைக்குச் சேரும்போதே சொல்லுங்கள், சேர்ந்து மூன்று மாசம் கழித்து அல்ல. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஒரு மணி நேரம், ஞாயிறு காலை ஆராதனை, சனிக்கிழமை ஓய்வுநாள், மாலை போட்டிருக்கிற 41 நாளில் அசைவ கவுண்டர் வேண்டாம் என்பது, எதுவாக இருந்தாலும். கேட்கும்போதே பதிலுக்கு ஒன்றைக் கொடுங்கள்: "ஞாயித்துக்கிழமை காலைல மட்டும் விடுங்க சார், தீபாவளி சீசன் முழுக்க ராத்திரி ஷிஃப்ட் நான் பாக்குதேன்." கூட வேலை பார்க்கிறவரோடு முன்கூட்டியே பேசி மாற்றிக்கொண்டு, ஏற்பாட்டை முடித்தே முதலாளியிடம் கொண்டுபோனால் பத்தில் எட்டு முதலாளிகள் தலையாட்டிவிடுவார்கள். சொன்னதை அன்றைக்கு ராத்திரியே ஒரு வாட்ஸ்அப் செய்தியாகவும் அனுப்பி வையுங்கள், மேனேஜர் மாறினால் உதவும்.

ஞாயிறு ஓய்வு என்பது எங்கள் பக்கத்தில் சும்மா கிடைத்ததும் இல்லை. பழைய திருவிதாங்கூரில் ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாமல் ஆட்களை வேலைக்கு இழுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கர்னல் மன்றோ ரெசிடெண்டாக இருந்த காலத்தில்தான் கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்து விலக்கு வந்தது.

7. போகிற காசு

கொடை சீசன்தான் எங்கள் தொழிலுக்கு அறுவடை. சித்திரையில் ஆரம்பித்து ஆவணி வரை செவ்வாய், வெள்ளி பார்த்து ஊருக்கு ஊர் நடக்கும். அதை விட்டால் பள்ளம் விழும் என்பதை மறைக்க மாட்டேன். மறுத்த வேலையையும் அதன் தொகையையும் அதே நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வாருங்கள். எழுதினால்தான் உண்மைக் கணக்கு தெரியும். முதல் வருஷம் எழுதிப் பார்த்தபோது, பயந்த அளவுக்குப் பக்கம் நிரம்பவில்லை. ஆனால் ஆடியில் மட்டும் நன்றாகவே கடித்தது.

பள்ளத்தை எப்படி நிரப்புவது என்பது தொழிலுக்குத் தொழில் மாறும். நான் பள்ளி ஆண்டுவிழா, ஜவுளிக்கடை போர்டு, வீட்டுமனை விளம்பரம் என்று தேடிப் போனேன். வருமானம் முழுக்க ஒரே வகை வேலையில் இருக்கிற ஒருவர், அந்த வேலை மனசுக்கு ஒப்பவில்லை என்றால், நாளைக்கே நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் வைத்துக்கொண்டு படிப்படியாக மாற்றுங்கள். பிள்ளை பட்டினி கிடக்கும்போது வருகிற உறுதி ரொம்ப நாள் நிற்காது, கசப்பாகத்தான் முடியும்.

8. உங்களிடம் ஒருவர் மறுத்தால்

இதையும் பழகிக்கொள்ள வேண்டும். எங்கள் சர்ச் சேகரத்தில் அசனப் பண்டிகை. அசனம் என்றால் ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும், ஊரே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடும். வழக்கமான சமையல்காரருக்கு உடம்பு முடியவில்லை என்று டவுனிலிருந்து ஒருவரைப் பார்க்க என்னை அனுப்பினார்கள். சொதி வைப்பதில் பேர் போனவர், கழுத்தில் ருத்ராட்சம். அவர் சைவம் என்பதை யோசிக்காமலேயே போய் நின்று, "அண்ணாச்சி, ஐந்நூறு பேருக்குக் கறிக்குழம்பு" என்றேன்.

திண்ணையிலிருந்து எழுந்து நின்றார். "கறி நான் தொடுதது இல்ல தம்பி. அதுக்கு மட்டும் வேற ஆள வச்சுக்கிடுங்க. சோறு, சாம்பார், ரசம், பாயசம் நான் பாத்துக்கிடுதேன். ஆனா எம் பாத்திரம் தனி, அடுப்பு தனி." என்னால் கண்ணாடி முன்னால் நின்று பழக வேண்டியிருந்ததை அவர் ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். கமிட்டியில் ஒருவர், "சர்ச்சுல வந்து அவரு என்ன தனி அடுப்பு?" என்று முனகினார். ஐயர்தான் அவரைச் சும்மா இருக்கச் சொன்னார்.

விடியற்காலை மூன்று மணிக்கு மினி லாரியில் வந்து இறங்கினார். சர்ச் வளாகத்து வேப்பமரத்தடியில் கறி அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒரு விரலை நனைத்து உயர்த்தி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். அப்புறம் மேற்குச் சுவரோரமாக நடந்துபோய், "இங்கன வச்சுக்கிடுவோம்" என்று சொல்லிச் செங்கல்லை அடுக்க ஆரம்பித்தார்.